லாடம் கட்ட முன்னங்காலைத் தர மறுக்கும் குதிரை: திமிரா, வலியா?

பவானிக்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதறேன்.

எங்கிட்ட மல்லின்னு ஒரு மார்வாரிக் கலப்புப் பெட்டை இருக்குதுங்க. வயசு ஒம்பது. ரெண்டு வருசம் முன்னால அந்தியூர் குருநாதசாமி சந்தைல வாங்கினது. கடிக்காது, உதைக்காது. எங்க அக்கா பையனுக்கு ஆறு வயசு, அவன் வயித்துக்கடியில பூந்து அந்தப் பக்கம் போவான், அசையாம நிக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா லாடக்காரர் வந்து குளம்பு சீவி லாடம் மாத்திட்டுப் போவாரு. இதுவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

நேத்து வந்தாரு. பின்னங்கால் ரெண்டையும் கேட்டதும் குடுத்துது. வலது முன்னங்காலைக் கொஞ்சம் யோசிச்சுக் குடுத்துது, ஆணி அடிக்கறப்ப ரெண்டு மூணு தடவை இழுத்துது. இடது முன்னங்காலைத்தான் தரவே இல்லை. தூக்கினா ரெண்டு எண்ணறதுக்குள்ள புடுங்கிக் கீழ வெச்சுருது. மூணாந்தடவை அவர் தொடை மேலயே சாஞ்சிருச்சு. அவருக்குக் கோவம் வந்து, மேலுதட்டுல கயிறு மாட்டி முறுக்கிப் புடின்னாரு. நானும் புடிச்சேன். நின்னுச்சு. ஆனா அது கண்ணைப் பாத்ததும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. போதும்னு நிறுத்திட்டேன். இப்ப மூணு காலுக்கு லாடம் இருக்குது, இடது முன்னங்கால் வெறுங்கால்.

"தீனிக் கொழுப்பு, திமிரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இடது கால்ல முள்ளு கிள்ளு ஏறியிருக்குமோன்னு கழுவி, அடி முழுக்க விரல் வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்லைங்க. ஆடி வேற வருது, சந்தைக்குக் கொண்டு போகோணும். யாராச்சும் வழி சொல்லுங்க.

---

குதிரைப்பித்தன்77 | திங்கள், இரவு 10.05

குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கலைன்னு சும்மாவா சொன்னாங்க. பெட்டை ஒரு தடவை ஜெயிச்சுருச்சுன்னா அடுத்த தடவை பின்னங்காலையும் தராது. முன்னங்காலை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டிடுங்க, அரை மணி நேரம் நிக்கட்டும், வழிக்கு வரும். நான் நாலு குதிரை அப்படித்தான் பழக்கினேன்.

---

பட்டறைக்காரர் | திங்கள், இரவு 11.20

பவானிக்கரை தம்பி, காலைக் கட்டற வேலையெல்லாம் வேணாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

நீங்க இடது கால்ல தேடினீங்க, ஒண்ணும் கிடைக்கலை. கிடைக்காது. நீங்க தேட வேண்டியது வலது கால்ல.

நாலு கால்ல நிக்கிற குதிரை தன் எடையில நூத்துக்கு அறுபது பங்கை முன்னங்கால் ரெண்டுலயும்தான் போடுது. நானூறு கிலோ குதிரைன்னா ஒரு முன்னங்காலுக்கு நூத்திருபது கிலோ. இடது முன்னங்காலை நீங்க தூக்கிட்டா அந்தச் சுமையில பெரும்பங்கு வலது முன்னங்கால் மேல இறங்கும். வலது குளம்புல வலி இருந்தா அது என்ன பண்ணும்? இடது காலைக் கீழ வைக்கத்தான் பார்க்கும். நமக்கு அது இடது காலைத் தர மாட்டேங்குற மாதிரி தெரியும். அது சொல்றதே வேற: "வலது கால்ல நிக்க முடியலை."

எங்க அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்துல லாடம் கட்டினவர். நான் பதிமூணு வயசுல அரம் புடிக்கக் கத்துக்கிட்டேன். தராத காலைப் பார்க்காதே, நிக்கிற காலைப் பாருன்னு தலையில குட்டிக் குட்டிச் சொல்லுவார். அப்ப புரியலை. அப்புறம் ஒரு நாள் ஒரு கிழட்டு ஆண்குதிரை என் முதுகு மேல மொத்தமா சாஞ்சுது. "நல்லா சுகம் கண்டுட்டான் பாரு, உன்னைத் தலையணை ஆக்கிட்டான்"னு எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா சிரிக்கலை. மறுநாள் டாக்டர் வந்து பார்த்தப்ப எதிர்க்கால் குளம்புக்குள்ள சீழ் கட்டியிருந்துது.

மல்லி லாடக்காரர் தொடை மேல சாஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சதும்தான் இந்த நேரத்துல உக்காந்து எழுதறேன்.

---

கால்நடை_மலர் | செவ்வாய், காலை 6.50

நான் கால்நடை மருத்துவர். குதிரையை நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்லமாட்டேன். பட்டறைக்காரர் ஐயா சொன்னது சரி, அதோடு இன்னும் சிலவற்றைக் கவனித்து எழுதுங்கள்.

லாடக்காரர் இல்லாத நேரத்தில், லாயத்துக்குப் பத்தடி தள்ளி, அது உங்களைக் கவனிக்காத மாதிரி நின்று பாருங்கள். குதிரை இரையாகும் விலங்கு. ஆள் பக்கத்தில் வந்தாலே வலியை மறைத்துக்கொண்டு காதை நிமிர்த்திவிடும். சும்மா நிற்கும்போது எடையைக் கால் மாற்றிக் கால் மாற்றிப் போடுகிறதா? முன்னங்கால்களை வழக்கத்தைவிட முன்னால் நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து, குதிகாலில் சாய்ந்த மாதிரி நிற்கிறதா? தண்ணீர்த் தொட்டி பக்கம் திருப்பும்போது கட்டைக் கால்போல் விறைத்துத் திரும்புகிறதா?

பிறகு முகம். 2014-இல் இத்தாலி, ஜெர்மனி, இங்கிலாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து குதிரையின் முகத்தை வைத்தே வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். காயடிப்பு அறுவைக்கு முன்னும் பின்னும் முகங்களை ஒப்பிட்டு உருவாக்கியது. காது விறைத்துப் பின்னால் திரும்பி இரண்டுக்கும் இடைவெளி கூடுவது, கண் பாதி மூடுவது, கண்ணுக்கு மேல் எலும்பு தெரியும்படி இறுகுவது, தாடைச் சதை புடைப்பது, வாய் இறுகி மோவாய் முன்னால் தள்ளுவது, மூக்குத்துவாரம் விரிந்து இறுகுவது என ஆறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 12. நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். தீனிக்கு முன்பு ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என்று முகத்தைப் பக்கவாட்டில் படமெடுத்து, போன வருடப் படத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் குதிரைக்கு அதன் பழைய முகம்தான் அளவுகோல்.

கடைசியாக நாடி. முன்னங்காலின் கீழ்க் கணுவுக்குப் பின்புறம், இருபக்கமும், ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்து போகும் இடத்தில் இரண்டு விரலை மெல்ல வையுங்கள். நல்ல காலில் துடிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும். வைத்த உடனே "டக் டக்" என்று விரலைத் தள்ளினால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. வெயிலில் நடத்திவந்த உடனே பார்க்காதீர்கள், எல்லாக் காலிலும் பலமாகத்தான் இருக்கும். நாலு காலையும் பார்த்து வித்தியாசம் சொல்லுங்கள். தீனி என்ன போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

குதிரைப்பித்தன்77 | செவ்வாய், காலை 9.15

டாக்டர் அம்மா, கண்ணை மூடி மோவாயை நீட்டிட்டு என் குதிரை தினமும் மத்தியானம் தூங்குது. அதுக்கும் வலியா? 😄

---

பட்டறைக்காரர் | செவ்வாய், மதியம் 1.30

தூங்குற குதிரைக்குக் கீழுதடு தொங்கும், பையன் தூங்கிட்டு வாயைத் திறந்து வச்சிருப்பானே அது மாதிரி. ஆட்டினா ஆடும். வலிக்கிற குதிரைக்கு அதே உதடு கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடக்கும். போய்த் தொட்டுப் பாரு பித்தா, கடிச்சா நான் பொறுப்பில்லை.

---

பவானிக்கரை | புதன், இரவு 8.10

பாத்தேங்க.

காலைல அஞ்சரைக்கு மாட்டுச் சாலைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பாத்தேன். மல்லி வலது முன்னங்காலைத் தூக்கல, ஆனா அரை நிமிசத்துக்கு ஒருக்கா எடையை மாத்திட்டே இருந்துச்சு, பஸ் ஸ்டாண்டுல குழந்தையை இடுப்புல வெச்சுட்டு நிக்கறவங்க மாதிரி. ரெண்டு முன்னங்காலும் ஒரு சாண் முன்னால தள்ளி இருந்துது. நான் மூணு நாளா அதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன், சோம்பேறித்தனம்னு நெனச்சேன். என்னைக் கண்டதும் காது நிமிந்துருச்சு, நேரா நின்னுருச்சு. டாக்டரம்மா சொன்னது அப்படியே.

திருப்பிப் பாத்தேன். வலப்பக்கம் திரும்பறப்ப கால் மேல கால் போடாம, ரெண்டு முன்னங்காலையும் ஒண்ணா எடுத்து வெக்கிற மாதிரி துள்ளித் திரும்புது. மண்ணுல பரவாயில்லை, சிமெண்டுத் தரையில ரொம்ப மோசம்.

நாடி: பின்னங்கால்ல எனக்குக் கிடைக்கவே இல்லை. இடது முன்னங்கால்ல கிடைச்சுது. வலதுல விரல் வெச்சதும் அடிச்சுது. எங்க வீட்டுக்காரியையும் வெக்கச் சொன்னேன், அவளும் அதேதான் சொன்னா.

தீனி: சந்தைக்குப் பளபளன்னு இருக்கோணும்னு ஒரு மாசமா கொள்ளு ரெண்டு கிலோ, மக்காச்சோளம் இடிச்சது மூணு கிலோ, மாட்டுத் தீவனம் ஒரு கிலோ, ராத்திரி நாட்டுச்சக்கரை கரைச்ச தண்ணி. வைக்கோல், சோளத்தட்டு. கழுத்து மேல கொழுப்பு கட்டி அழகா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க.

---

கால்நடை_மலர் | புதன், இரவு 8.35

தானியம், சக்கரைத் தண்ணீர் இரண்டையும் இன்றிரவே நிறுத்துங்கள். மாட்டுத் தீவனத்தையும். காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும். பட்டினி போடக்கூடாது, அதுவும் ஆபத்து. நடத்தாதீர்கள். ஆற்று மணல் கிடைத்தால் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி அதில் நிறுத்துங்கள், படுத்தால் படுக்கட்டும். ஐஸ் கிடைத்தால் முன்னங்கால் இரண்டையும் ஐஸ் தண்ணீர் வாளியில் வைக்கலாம். நாளைக் காலையில் மருத்துவர் வந்தாக வேண்டும், சந்தையை மறந்துவிடுங்கள்.

நான் சந்தேகப்படுவது லேமினைடிஸ். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் புத்தக ஏடுகள்போல் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மெல்லிய அடுக்குகள்தான் கட்டிப் பிடித்திருக்கின்றன. மொத்தக் குதிரையும் அந்த ஏடுகளில்தான் தொங்குகிறது. அதிக மாவுச்சத்தாலும், கொழுத்த உடம்பில் ஏறும் இன்சுலினாலும் அந்த ஏடுகள் புண்படும். வெளியே கட்டியான குளம்பு, வீங்க இடமில்லை. நகக்கண்ணில் சுத்தியல் பட்டு ரத்தம் கட்டியிருந்தால் அந்த வலி உங்களுக்குத் தெரியும், அந்த நகத்தின் மேலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முற்றினால் ஏடுகள் விட்டு, உள்ளே எலும்பே சுழன்று கீழே இறங்கும்.

இந்த நோயின் கடுமையை நாங்கள் நாலு படியாகப் பிரிக்கிறோம். 1948-இல் ஸ்வீடனைச் சேர்ந்த நீல்ஸ் ஓபெல் வகுத்த முறை. அதில் இரண்டாம் படியில் குதிரை காலைத் தூக்கத் தரும். மூன்றாம் படியில் கடுமையாக மறுக்கும். மருத்துவப் பாடத்தில் அளவுகோலாக இருக்கும் ஒன்றைத்தான் நம் ஊரில் திமிர் என்கிறோம்.

---

ரேக்ளா_சிவகங்கை | புதன், இரவு 10.50

எங்க பக்கம் லாடத்துக்கு முன்னாடி வலி மருந்துப் பொடி கொஞ்சம் குடுத்துருவாய்ங்க. குதிரை கல்லு மாதிரி நிக்கும், வேலை சீக்கிரம் முடியும். அதை ஏன் யாரும் சொல்லலை?

---

பட்டறைக்காரர் | வியாழன், காலை 7.00

நான் அதுக்கு எதிர். குதிரை காலை இழுக்குதுன்னா அது எனக்குக் குடுக்குற தகவல். ஆணி அடிக்கும்போது நான் கையையும் காதையும் ரெண்டையும் நம்பறேன். கெட்டியான சுவர்ல ஆணி போனா "டிங் டிங்"னு சத்தம் ஏறிக்கிட்டே போகும், சுவரோட உயரத்துல மூணுல ஒரு பங்குல வெளிய முனை வரும். உள்ளுக்குத் திரும்பினா சத்தம் மொண்ணையா "பொத்"துன்னு ஆயிடும், அந்த நொடியே குதிரை தோளைச் சிலிர்க்கும். அங்கேயே நிறுத்தி, ஆணியைப் புடுங்கி, அயோடின் விட்டு, தடுப்பூசி போட்டிருக்கான்னு கேட்கணும். குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ரொம்ப எளிதா வரும். மருந்து குடுத்து வச்சா அந்தச் சிலிர்ப்பு வராது, ஆணி உள்ள போனது மூணு நாள் கழிச்சு நொண்டும்போதுதான் தெரியும்.

---

கொடைமலை | வியாழன், காலை 11.25

ஐயா சொல்றதுல பாதியத்தான் ஒத்துக்குவேன். நான் ஏரியைச் சுத்தி மட்டக் குதிரை ஓட்டறவன். ஒண்ணுக்கு இருபத்திரண்டு வயசு, பின்னங்கால் முட்டில வாதம். நாள் முழுக்க இறக்கத்துல நடந்த கால். அதுக்குக் குளம்புல ஒரு நோவும் இல்லை, காலை மடக்குறதுதான் நோவு. டாக்டர் அளவு எழுதித்தான் குளம்பு சீவற நாள்ல மாத்திரை குடுக்கறேன், மருந்து இல்லாம அது சாகற மாதிரி நடுங்கும். புது நோவை மறைக்கறது வேற, தெரிஞ்ச நோவைக் குறைக்கறது வேற.

இன்னொண்ணு. எங்க லாடக்காரர் முதல்ல அந்தக் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வெளிப்பக்கமா இழுப்பாரு. உதைச்சிட்டே இருந்துது. இப்ப அவரே தரையில சாக்குப் போட்டு உக்காந்து, காலை ஒரு சாண் மட்டும் தூக்கி, வயித்துக்கடியிலயே வச்சு சீவறாரு. அந்த உதையெல்லாம் நின்னு போச்சு. அவரு முழங்கால்தான் இப்ப வலிக்குதாம்.

---

கால்நடை_மலர் | வியாழன், மதியம் 2.10

கொடைமலை சொன்னதை நான் ஆதரிக்கிறேன், மருத்துவர் எழுதிய அளவு என்ற நிபந்தனையோடு. பொடி வாங்கிக் கைக்கு வந்தபடி கொடுத்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

மேலுதட்டு முறுக்கு பற்றியும் ஒன்று. அது முதல் சில நிமிடங்கள் குதிரையை மந்தமாக்கும், அதனால்தான் "நின்னுச்சு". வலி போகவில்லை, சொல்லும் வழி போனது. நேரம் நீண்டால் படபடப்பு கூடும். அவசரத்துக்கு ஒரு தையல் போட நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஏன் மறுக்கிறது என்று தெரியாத குதிரைக்குப் போடமாட்டேன். காதைத் திருகுவதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

பயத்தையும் வலியையும் எப்படிப் பிரிப்பது என்று தனிமடலில் இருவர் கேட்டார்கள். பயந்த குதிரை ஆள் வரும்போதே, அரத்தைப் பார்க்கும்போதே, நாலு காலுக்கும் ஒரேபோல் முரண்டும். வலியில் ஒரு கணக்கு இருக்கும்: குறிப்பிட்ட கால், குறிப்பிட்ட உயரம், குறிப்பிட்ட நேரம். பத்து விநாடி நின்று பதினோராவது விநாடி தோள் நடுங்கிப் பிடுங்கும், மறுபடி தூக்கினாலும் அதே பதினோராவது விநாடி. ஆனால் பல தடவை வலித்த குதிரைக்குப் பயமும் சேர்ந்துவிடும், அப்போது நாங்களும் குழம்பத்தான் செய்வோம்.

---

நெடுந்தீவான் | வியாழன், மாலை 5.45

எங்கட நெடுந்தீவில கட்டாக்காலிக் குதிரையள் லாடமும் இல்லை, சீவிறதும் இல்லை, முருகைக்கல்லுத் தரையில தானாத் தேயுது. நீங்கள் ஏன் இரும்பை அடிச்சுப்போட்டுப் பிறகு நோகுதெண்டு கவலைப்படுறியள்?

---

பட்டறைக்காரர் | வியாழன், மாலை 6.30

அண்ணே, அதுக்கு யாரும் நாட்டுச்சக்கரைத் தண்ணி குடுக்கறதில்லையே.

---

பவானிக்கரை | வெள்ளி, இரவு 9.00

டாக்டர் வந்து பாத்துட்டுப் போனாருங்க. லேமினைடிஸ்தான். ரெண்டு முன்னங்கால்லயும், வலதுல அதிகம். நாடித்துடிப்பு நிமிசத்துக்கு 56, சாதாரணமா 28-லிருந்து 44-க்குள்ள இருக்கோணுமாம். பெரிய இடுக்கி மாதிரி ஒண்ணு வெச்சு குளம்பை அங்கங்க அழுத்தினாரு. குதிகால் பக்கம் அழுத்தறப்ப சும்மா நின்னுச்சு. அடியில முனைப்பக்கமா அழுத்தினதும் காலை வெடுக்குன்னு இழுத்துருச்சு. மூணு தடவை, மூணு தடவையும் அதே எடம்.

எக்ஸ்ரேவுக்கு நாமக்கல் காலேஜுக்குப் போகலாம், ஆனா இப்ப வண்டியில ஏத்த வேண்டாம்னாரு. ஊசி போட்டிருக்காரு. வலது கால் லாடத்தைக் கழட்டோணும்னு சொன்னாரு. நான் பழைய லாடக்காரருக்கே போன் பண்ணேன். விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அரைமணில வந்துட்டாரு. குறடு வெச்சு மொத்தமா நெம்பாம, மடக்கின முனையை அரத்துல தேச்சு, ஆணியை ஒண்ணொண்ணா உருவினாரு. ஒரு ஆணிக்கு ஒரு தடவை காலைக் கீழ வெச்சாரு. இடது கால் மணல்ல பொதஞ்சு இருந்துது. மல்லி பிடுங்கவே இல்லை.

கழட்டிட்டு, குளம்பு மேல விரல் வெச்சுக் காட்டினாரு. வளையம் வளையமா கோடு, முன்பக்கம் நெருக்கமா, குதிகால் பக்கம் அகலமா. "இது இப்ப வந்தது இல்லீங்க, மொத தடவையும் இல்லை"ன்னாரு. நான் பாத்ததே இல்லைங்க அதை.

---

பட்டறைக்காரர் | வெள்ளி, இரவு 9.50

ரொம்ப சந்தோஷம் தம்பி, அவரைத் திரும்பக் கூப்பிட்டதுக்கும் சேர்த்து. நாங்க நாளைக்கு எட்டு குதிரை பார்ப்போம், முதுகு உடையும், கோவம் வரும். அன்னைக்கு அவர் செஞ்சது தப்புதான், நானும் செஞ்சிருக்கேன்.

அந்த வளையம் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழ இருக்கு? குளம்பு மாசத்துக்கு ஏறத்தாழ ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர் வளரும்.

---

பவானிக்கரை | வெள்ளி, இரவு 10.15

அளந்தேன். முன்பக்கம் சரியா ஒரு விரல் அகலம். ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர்.

ரெண்டு மாசம், ரெண்டரை மாசம். சித்திரைல எங்க ஊர் மாரியம்மன் நோம்பி. மூணு நாளும் வந்தவங்க எல்லாம் மல்லிக்குச் சக்கரைப் பொங்கல் ஊட்டினாங்க. நானும் போட்டோ புடிச்சேன். அடுத்த வாரம் ரெண்டு நாள் மந்தமா இருந்துது, வெயில்னு விட்டுட்டேன்.

---

குதிரைப்பித்தன்77 | சனி, காலை 8.20

பவானிக்கரை, முதல்ல காலைக் கட்டச் சொன்னவன் நான்தான். கட்டியிருந்தா மொத்தச் சுமையும் அந்த வலது கால்ல அரை மணி நேரம் நின்னிருக்கும். நேத்து ராத்திரி என் நாலு குதிரைக்கும் நாடி வச்சுப் பார்த்தேன். மூணுல கிடைக்கலை. ஒண்ணுல கிடைக்குது. டாக்டர் அம்மா, தனிமடல் போட்டிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க.

---

பவானிக்கரை | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கோணும். நெறைய பேர் கேட்டிருந்தீங்க.

சந்தைக்குப் போகலை. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு கொஞ்சம் திரும்பியிருக்குது, கீழ எறங்கலை. புல்லை எடை போட்டுத்தான் போடறோம். கழுத்துக் கொழுப்பு பாதி கரைஞ்சிருச்சு, பாக்கறவங்க "என்ன இளைச்சுருச்சு"ங்கறாங்க.

இன்னைக்குக் குளம்பு சீவினாங்க. ரப்பர் மெத்தை மேல நிறுத்தி, மொதல்ல வலது, அப்புறம் இடது. இடது காலைத் தூக்கினதும் நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். முப்பத்தெட்டுல தோள் லேசா நடுங்குச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள லாடக்காரரே காலைக் கீழ வெச்சுட்டு, பீடியை எடுத்துப் பத்த வெக்காம காதுல சொருகிட்டுக் காத்திருந்தாரு. மல்லி கீழுதட்டை ரெண்டு தடவை நக்கிக்கிட்டு, தானே அந்தக் காலை மறுபடி மடக்குச்சு. நாலு தடவைல முடிஞ்சுது. லாடம் இன்னும் கட்டலை.

ரெண்டு மூட்டை மக்காச்சோளம் மிச்சம் கெடக்குது. பவானி, அந்தியூர் பக்கம் கோழி வெச்சிருக்கறவங்க யாருக்காச்சும் வேணும்னா தனிமடல் போடுங்க, காசு வேண்டாம்.